கிடைக்காத வொலியூம் கொன்ரோலுக்கு எதைப் போடலாம்?

பழைய அம்பிளிபயர் ஒன்று. குமிழைத் திருப்பினால் கரகரக்கிறது, இடப்பக்க ஸ்பீக்கர் இடையிடையே அமர்ந்துபோகிறது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஆறு காலுள்ள இரட்டைக் கேங் (ஒரே தண்டில் இடம், வலம் என்று இரண்டு கொன்ரோல்), சிலவற்றில் எட்டுக் கால். யாழ் நகரில் உதிரிப்பாகக் கடையில் கொண்டுபோய்க் காட்டினால், "இது இப்ப வாறேல்லை அண்ணை, ஹன்ட்ரட் கே தானே, இதைப் போடுங்கோ" என்று ஒன்றை எடுத்து வைப்பார்கள். ஓம் கணக்கு ஒத்துப்போகும், மற்றதெல்லாம் ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பூட்டிப் பார்த்தால் குமிழ் கால்வாசி திரும்புவதற்குள் சத்தம் வீட்டை நிரப்பும், மிச்ச முக்கால்வாசித் திருப்பலில் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது.

பழையதைக் கழுவித் திருத்துவது, வேறு செற்றிலிருந்து கழற்றுவது, கடையில் உள்ளதை வைத்துச் சமாளிப்பது, வெளியிலிருந்து எடுப்பிப்பது, சுவிட்சால் புதிதாகக் கட்டுவது என்று ஐந்து வழி இருக்கின்றன. எது நல்லது என்பது அந்தக் கொன்ரோல் செற்றில் என்ன வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது. வொலியூமுக்குச் சரியான விடை ரோனுக்கு (பேஸ், கீச்சு கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு) சரிவராது.

அதற்கு முதல் ஒரு சோதனை. கரகரப்பு எப்போதும் பொட்டின் (பொட்டென்சியோமீற்றர், கரித்தடத்தின் மேல் ஒரு தொடுவிரல் ஓடும் இந்தக் கொன்ரோல்தான்) குற்றம் அல்ல. முந்தைய கட்டத்து கப்பாசிற்றர் கசிந்து நேர்மின்னோட்டம் பொட்டுக்குள் வந்தால், புத்தம் புதிய பொட்டும் திருப்பும்போது கரகரக்கும். செற்றைப் போட்டு, மீற்றரின் கறுப்புக் கம்பியைச் சேசியிலும் (செற்றின் உலோகச் சட்டம்) சிவப்பை நேர்மின்னோட்ட அளவில் பொட்டின் ஒவ்வொரு காலிலும் வையுங்கள். ஒன்றிரண்டு மில்லிவோல்ட் பரவாயில்லை. பத்துக்கணக்கில் காட்டினால் முதலில் மாற்றவேண்டியது கப்பாசிற்றரை. வால்வு றேடியோவின் பழைய கடதாசிக் கப்பாசிற்றர்கள் இந்த விடயத்தில் நம்பத்தகாதவை. வால்வுச் செற்றில் சேசிக்கும் பிளேட்டுக்கும் இடையே நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும். ஒரு கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அளக்கிற பழைய வழக்கம் நல்லது.

உள்ளது என்ன என்று வாசிப்பது

உடலில் 104 என்று இருந்தால் பத்துக்குப் பின் நான்கு பூச்சியம், 100 கிலோஓம். 503 என்றால் 50 கிலோஓம். கூட நிற்கும் எழுத்துத்தான் முக்கியம். யப்பானிய, தாய்வான் சாமான்களில் ஏ என்றால் லொக் (ஓம் முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறும்), பி என்றால் லீனியர் (திருப்பலுக்குச் சமனாக ஏறும்), சி என்றால் தலைகீழ் லொக். பழைய ஐரோப்பியச் செற்றுகளில் ஏ லீனியராகவும் பி லொக்காகவும் இருப்பதுண்டு. ஆகவே எழுத்தை நம்பாமல் அளந்து பார்ப்பதே சரி. ஈயத்தை எடுத்துக் காலை விடுவித்து, குமிழைச் சரி நடுவில் நிறுத்தி, நடுக் காலுக்கும் நிலக் காலுக்கும் இடையே அளவுங்கள். முழு அளவில் பாதி வந்தால் லீனியர். 10 முதல் 20 வீதத்துக்குள் வந்தால் லொக். 15 வீதம் என்பது நடுவில் 16.5 டெசிபல் குறைவு, லீனியரில் அதே இடத்தில் 6 டெசிபல்தான் குறைவு. காதுக்கு வீடு நிரம்புவதும் பேச்சுக்கு இடம் விடுவதும் இந்த 10 டெசிபல் வித்தியாசத்தில் இருக்கிறது.

ஒரு கேங்குக்கு நான்கு கால் இருந்தால் நாலாவது லவுட்னஸ் கால், மெதுவாகக் கேட்கும்போது பேஸைத் தூக்கிக் கொடுப்பதற்கு. கரித்தடத்தின் இடையில் பிடித்த ஒரு தொடுப்பு அது. அதற்கும் நிலக் காலுக்கும் இடையே உள்ள ஓமை எழுதி வையுங்கள், பின்னால் தேவைப்படும். தண்டின் விட்டம் (6 மில்லிமீற்றரா, அமெரிக்க, பிரித்தானியச் செற்றுகளில் வரும் 6.35-ஆ), தண்டு வட்டமா, ஒரு பக்கம் வெட்டியதா, பல் வெட்டிப் பிளந்ததா, கழுத்து மரையின் விட்டம், கால்களின் இடைவெளி எல்லாவற்றையும் ஒரு தாளில் குறியுங்கள். கழற்ற முன் போனில் நாலு படம் எடுத்தால் கம்பி மாறாது.

பழையதைக் காப்பாற்றுவது

லவுட்னஸ் கால் உள்ள வொலியூம் கொன்ரோலுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. போர்க்காலத்தில் பற்றரி தடைப்பட்ட 1990-களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊருக்கு, பழையதைத் திறந்து பார்ப்பது ஒன்றும் புதிதல்ல.

முதல் கட்டம் கழுவுவது. கால்கள் வெளிவரும் பக்கத்து இடைவெளியால் கொன்ராக்ற் கிளீனரைச் சிறிது அடித்து, முனைக்கு முனை முப்பது நாற்பது தரம் திருப்பவேண்டும். தண்டுக் கழுத்துக்குள் அடிக்கக்கூடாது. அங்கே இருக்கிற கெட்டிக் கிரீஸ்தான் குமிழுக்கு அந்த இதமான கனத்தைக் கொடுக்கிறது. அது கரைந்து தடத்தில் இறங்கினால் கரகரப்பு முன்னைவிட மோசமாகும், குமிழும் ஆடும். டபிள்யூடி-40 அடிப்பது எங்கும் காணும் பிழை. உடனே சத்தம் தெளியும். ஆனால் எண்ணெய் உள்ளே தங்கி, கடற்காற்றோடு வரும் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெற்றோல், தின்னர் கரித்தடத்தின் பசையையே கரைக்கலாம். ஐசோப்புறோப்பைல் அற்ககோல் போதும்.

கழுவியும் தீராவிட்டால் திறக்கவேண்டியதுதான். பின் மூடியைப் பிடித்திருக்கும் நான்கு தகட்டு நாக்குகளைச் சிறிய திருப்புளியால் மெல்ல நிமிர்த்துங்கள். ஒரு நாக்கு இரண்டு மூன்று தரம்தான் வளையத் தாங்கும், பிறகு முறியும். உள்ளே கரித்தடத்தில் தொடுவிரல் ஓடிய கோடு மினுங்கிக்கொண்டு தெரியும். பருத்தித் துணுக்கில் அற்ககோல் தொட்டுத் துடைத்தபின், தொடுவிரல்களை அரை மில்லிமீற்றர் பக்கவாட்டில் தள்ளிவிட்டால் அவை தேயாத புதுத் தடத்தில் ஓடும். முப்பது நாற்பது வருடப் பொட்டுக்கு இதுவே மறுபிறப்பு. மேலே தூக்கி வளைத்து அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், தடம் உழுதுபோகும்.

ஒரு பக்கம் வந்து வந்து போகிறது என்றால் தடத்தைவிடக் காலின் றிவெற்றைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். காலும் கரித்தடமும் சேரும் அந்த ஆணி தளர்ந்திருக்கும். முனை தட்டையான குறட்டால் இரு பக்கமும் பிடித்து ஒருமுறை நெரித்தால் நின்றுவிடும். கரித்தடத்தின் மேல் நேரே ஈயம் வைக்க முயலவேண்டாம், பிடிக்காது, தடமும் கருகும். பென்சில் கரி பூசுவது பற்றிப் பலர் சொல்வார்கள். ஒரு மாதம் பாடும், பிறகு அந்தத் தூளே கரகரப்பாகும்.

பார்வையிட ஊசி மீற்றர் நல்லது. தண்டை மெதுவாகத் திருப்பும்போது ஊசி துள்ளினால் அந்த இடத்தில் தடம் வெட்டுண்டிருக்கிறது. டிஜிற்றல் மீற்றரில் அந்தத் துள்ளல் கண்ணில் படாது. தடமே வெட்டுண்டால் மட்டும் அடுத்த வழிகளுக்குப் போங்கள்.

செத்த செற்றிலிருந்து எடுப்பது

பழைய இரும்புக் கடைக்குப் போகும் கசற் டெக், மூன்று-ஒன்று செற் என்பவற்றில் நல்ல பொட்டுகள் கிடக்கும். றிமோட் கொன்ரோல் உள்ள அம்பிளிபயரில் மோட்டர் பூட்டிய வொலியூம் கொன்ரோல் கிடைத்தால் விடாதீர்கள். மோட்டருக்கு மின் கொடுக்காமலே கையால் திருப்பலாம், கிளச் வழுக்கிக் கொடுக்கும்.

பிந்திய ஹோம் தியேட்டர்களில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. குமிழ் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே போனால் அது பொட் அல்ல, என்கோடர் (திருப்பலைத் துடிப்புகளாக மைக்ரோகொன்ரோலருக்குச் சொல்லும் சுவிட்ச்). அதற்கும் மூன்று கால்தான். மீற்றரில் திறந்த சுற்றும் குறுஞ்சுற்றும் மாறி மாறிக் காட்டும், இடை அளவு எதுவும் வராது.

வேறு செற்றின் பொட் ஓமும் வளைவும் சரி, தண்டு மட்டும் பிழை என்றால், ஒரே கம்பனியின் ஒரே அளவு உடலாக இருக்கும்போது கரித்தட்டை மட்டும் மாற்றிப் பூட்டலாம். புதுத் தட்டு, பழைய தண்டு. தண்டு கட்டையாக இருந்தால் 6 மில்லிமீற்றர் கப்ளர் ஒன்றால் நீட்டலாம். 6.35 குமிழை 6 மில்லிமீற்றர் தண்டில் போட, மெல்லிய பித்தளைத் தகட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் ஆடாது.

கடையில் இருப்பதை வைத்துச் சமாளிப்பது

லீனியர் பொட்டின் நடுக் காலுக்கும் நிலக் காலுக்கும் இடையே ஒரு றெசிஸ்ரர் வைத்தால் அது ஏறக்குறைய லொக் ஆகும். பொட்டின் அளவில் பத்தில் ஒன்று முதல் ஆறில் ஒன்று வரை வைக்கலாம். 100 கிலோஓம் பொட்டுக்கு 10 கிலோஓம் வைத்தால், கால்வாசித் திருப்பலில் 21 டெசிபல் குறைவு, நடுவில் 17, முக்கால்வாசியில் 12. ஆக, நடுவரை அழகாகப் போகும், கடைசிக் கால்வாசியில் திடீரென்று 12 டெசிபல் ஏறும். 15 கிலோஓம் வைத்தால் நடுவில் 14.5, முக்கால்வாசியில் 9.5. வீட்டுப் பாவனைக்குக் கடைசிக் கால்வாசி யாரும் தொடுவதில்லை என்பதால் 10 பரவாயில்லை. றெசிஸ்ரர் இரண்டும் ஒரு வீதச் சகிப்புள்ள மெற்றல் பில்மாக இருக்கட்டும். லொக் தடங்கள் இரண்டு மூன்று துண்டாக அச்சிடப்படுவதால் இரு கேங்கும் பிசகுவது அதிகம், லீனியர் தடங்கள் பொதுவாக ஒன்றோடொன்று நெருங்கிப் போகும். மலிவான லொக் இரட்டையைவிட இந்த ஒட்டு வேலை சில சமயம் இரு பக்கச் சமநிலையில் வென்றுவிடும்.

இதன் விலை வேறிடத்தில் இருக்கிறது. குமிழை முழுதும் திறக்கும்போது முந்தைய கட்டத்துக்குத் தெரியும் சுமை 100 கிலோஓம் அல்ல, 9.1 கிலோஓம். ஐசி அல்லது எமிற்றர் போலோவர் (சுமை தாங்கும் றான்சிஸ்ரர் கட்டம்) தள்ளினால் ஒன்றும் நடக்காது. 12ஏஎக்ஸ்7 போன்ற வால்வின் பிளேட்டிலிருந்து 0.1 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர் ஊடாக வந்தால் கதை வேறு. 16 ஹேர்ட்ஸில் இருந்த பேஸ் வெட்டு 175 ஹேர்ட்ஸுக்கு ஏறும், மிருதங்கத்தின் தொப்பி செத்துப்போகும், மொத்தச் சத்தமும் விழும். வால்வுச் செற்றில் இந்த வழி வேண்டாம்.

ஓம் அளவை மாற்றுவதிலும் இப்படி இரண்டு கரை இருக்கிறது. குறைத்தால் முந்தைய கட்டம் தடுமாறும், பேஸ் குறையும். கூட்டினால் கீச்சு மங்கும். அடுத்த கட்டத்து வால்வின் உள்ளீட்டில் 100 பைக்கோஃபரட் இருக்கிறது என்று வையுங்கள். 1 மெகாஓம் பொட் தன் மோசமான நிலையில் 250 கிலோஓம் மூலத் தடையாக நிற்கும், கீச்சு வெட்டு 6.4 கிலோஹேர்ட்ஸில் விழும். 100 கிலோஓம் பொட்டில் அது 64 கிலோஹேர்ட்ஸ். 50-க்கு 47, 250-க்கு 220 போன்ற மாற்றம் கணக்கிலேயே வராது. இரண்டு மடங்கு போகும்போதுதான் யோசிக்கவேண்டும்.

ரோன் கொன்ரோலுக்கு இவ்வளவு கவலை இல்லை. பக்சண்டல் வகை (எதிர்ப்பின்னூட்டத்தால் இயங்கும்) ரோனுக்கு லீனியர்தான் வேண்டும், அது எங்கும் கிடைக்கிறது. லொக்கைப் போட்டால் வேலை செய்யும், ஆனால் தட்டையான ஒலி குமிழின் நடுவில் வராது. எதிர்ப்பின்னூட்டம் இல்லாத பழைய ரோன் சுற்றுகளில் லொக் இருந்தால் லொக்கே போடுங்கள். தலைகீழ் லொக் சி கிடைக்காவிட்டால், ஏ ஒன்றின் இரு ஓரக் கால்களையும் மாற்றிப் பூட்டலாம், குமிழ் மட்டும் எதிர்ப்பக்கம் வேலை செய்யும்.

பலன்ஸ் கொன்ரோலில் எம்என் என்று இருந்தால் கடையில் தேடி அலையவேண்டாம். அதன் ஒவ்வொரு தடத்திலும் பாதி வெறும் கடத்தி, அதனால் நடுவில் இழப்பே இல்லை. சாதாரண லீனியர் இரட்டையைப் போட்டால் நடுவில் இரு பக்கமும் 6 டெசிபல் விழும். பலன்ஸை யாரும் தொடுவதில்லை என்றால் உள்ளீட்டுக் காலையும் நடுக் காலையும் கம்பியால் இணைத்துவிட்டுப் பேசாமல் இருப்பதே மேல்.

லவுட்னஸ் காலுள்ள வொலியூமுக்குச் சாதாரணப் பொட்டைப் போட்டால் லவுட்னஸ் கம்பி தொங்கும். அதை மூடிக் கட்டிவிடுங்கள். இல்லாத காலுக்குப் பதிலாக நடுக் காலில் ஒட்டுவோரும் உண்டு. ஒலி மங்கி, எல்லா அளவிலும் அதே குழப்பம் நிற்கும்.

வெளியிலிருந்து எடுப்பிப்பது

கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் யாழ்ப்பாணத்தைவிடத் தெரிவு அதிகம். ஆனால் இரவு பஸ்ஸில் 400 கிலோமீற்றர் போய்ப் பார்த்துத் திரும்புகிற வேலை அல்ல அது. படமும் அளவுத் தாளும் அனுப்பி விசாரித்துவிட்டே போகவேண்டும். சீனத் தளங்களில் நீல நிறத்து அல்ப்ஸ் ஆர்கே27 (பெயர்பெற்ற யப்பானிய வொலியூம் பொட்) என்று விற்கப்படுவதில் போலிகள் ஏராளம். விலையைப் பார்த்தாலே பாதி தெரியும்.

எங்கள் ஊரில் மற்ற ஊர்களுக்கு இல்லாத வழி ஒன்று இருக்கிறது. ஆவணியில் நல்லூருக்கு வரும் கனடா, லண்டன் உறவுகள். அங்கே டிஜிகீ, மவுசர், ஆர்எஸ் போன்ற விற்பனையாளரிடம் எடுத்த சாமான் மூலத்தில் சந்தேகமற்றது, பெட்டிக்குள் ஒரு மூலையில் அடங்கும். ஆனால் "அல்ப்ஸ் 50கே ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று சொன்னால் பிழையான சாமான்தான் வரும். முழுப் பாக எண்ணையும் தளத்தின் இணைப்பையும் அனுப்புங்கள். தண்டின் நீளமும் வடிவமும் பாக எண்ணுக்குள்ளேயே அடங்கியிருக்கும், கடைசி இரண்டு எழுத்து மாறினால் வேறு தண்டு.

எங்கிருந்து வந்தாலும் பூட்ட முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். 9 வோல்ட் பற்றரி ஒன்றை இரு கேங்கினதும் ஓரக் கால்களுக்குச் சமாந்தரமாகக் கொடுங்கள். ஒவ்வொரு நடுக் காலின் வோல்ற்றையும் நிலத்திலிருந்து அளந்து, பெரியதைச் சிறியதால் வகுங்கள். 1.12 வந்தால் 1 டெசிபல் பிசகு, 1.26 வந்தால் 2, 1.41 வந்தால் 3. பல இடங்களில் பாருங்கள், முக்கியமாகக் கீழே. 0.09 வோல்ட் நிற்கும் இடம் 40 டெசிபல் குறைவு, இரவில் மெதுவாகக் கேட்கும் இடம் அது. ஒரு பக்கம் 0.09, மறுபக்கம் 0.11 என்றால் 1.7 டெசிபல், பொறுக்கலாம். 3-ஐத் தாண்டினால் பாட்டு ஒரு பக்கம் சாயும், அந்தப் பொட்டை மோனோ வேலைக்கு வையுங்கள்.

சுவிட்சால் கட்டுவது

பொறுமை உள்ளவருக்கு இதுவே மிகத் துல்லியமானது. 2 துருவம், 12 நிலையுள்ள சுழல் சுவிட்ச், ஒரு பக்கத்துக்கு 11 றெசிஸ்ரர். மேலிருந்து நிலம் வரை வரிசையாக 18, 12, 6.8, 4.7, 2.7, 2.2, 1.2 கிலோஓம், பிறகு 820, 470, 220, 100 ஓம். எல்லாம் சாதாரணமாகக் கிடைக்கும் அளவுகள். மொத்தம் 49.2 கிலோஓம். 50 கிலோஓம் பொட்டின் இடத்தில் அப்படியே நிற்கும். நிலைகள் 0, 4, 8, 12, 16, 20, 25, 30, 36, 44, 54 டெசிபல் குறைவாக வந்து, கடைசியில் மௌனம். 100 கிலோஓம் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் இரட்டியுங்கள்.

சுவிட்ச் வாங்கும்போது, அடுத்த தொடுப்பைப் பிடித்த பிறகே முந்தியதை விடும் வகையைக் கேளுங்கள். மற்ற வகையில் ஒவ்வொரு படியிலும் 'டப்' என்று அடிக்கும். லவுட்னஸ் காலுக்கும் இங்கே விடை இருக்கிறது. முன்பு எழுதி வைத்த ஓம் கணக்கு மொத்தத்தில் எத்தனை வீதமோ, அதற்குக் கிட்டிய சந்தியில் அந்தக் கம்பியை ஒட்டினால் சரி. குறை என்னவென்றால் 4 டெசிபல் படி கொஞ்சம் பெரியது. "ஒண்டு கூட, மற்றது குறைய" என்று வீட்டில் முறைப்பாடு வரும். 24 நிலைச் சுவிட்ச் அதைத் தீர்க்கும், ஆனால் பழைய செற்றின் முகப்புக்குப் பின்னால் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் அளவுங்கள்.

பிஜிஏ2311 போன்ற வொலியூம் ஐசி அரை டெசிபல் படியில் நுணுக்கமாக வேலை செய்யும். கூட்டல் கழித்தல் 5 வோல்ட் வழங்கலும் ஒரு மைக்ரோகொன்ரோலரும் வேண்டும். புதிதாகக் கட்டும் அம்பிளிபயருக்கு நல்லது, பழைய செற்றுக்குள் திணிப்பது வீண்வேலை.

சறுக்குக் கொன்ரோல், சுவிட்ச் உள்ளது, பயஸ்

கோயில் திருவிழாவுக்குப் போகும் மிக்சரில் சாம்பிராணிப் புகையும் புழுதியும் சறுக்குத் தடத்துக்குள் நேரே விழும். இதற்கு ஒட்டு வேலை கிடையாது. ஓட்ட நீளம் 60-ஆ 100-ஆ, கால் அமைப்பு, கைபிடி நாக்கின் அகலம் எல்லாம் ஒத்தால்தான் பூட்டலாம். அவசரத்துக்கு மிக நல்ல வழி அதே மிக்சருக்குள்ளேயே இருக்கிறது. யாரும் பாவிக்காத கடைசிச் சனலின் சறுக்கைக் கழற்றிப் பிரதான சனலில் போடுங்கள், பழுதானதை அந்த இடத்தில் வையுங்கள்.

றேடியோவின் வொலியூமோடு சேர்ந்த சுவிட்ச் 230 வோல்ட்டை வெட்டுவதென்றால், கடையில் கிடைக்கும் சிறிய சுவிட்ச் பொட்டை அந்த இடத்தில் பூட்டவே கூடாது. அவற்றில் பல பற்றரிச் செற்றுக்குச் செய்தவை. பொட் வேறு, மெயின் சுவிட்ச் வேறாகப் பின்பக்கத்தில் வையுங்கள்.

பவர் அம்பிளிபயரின் பயஸ் பிறிசெற்றுக்கு (அவுட்புட் றான்சிஸ்ரர்களின் ஓய்வு மின்னோட்டத்தை வைக்கும் சிறிய பொட்) பல சுற்று மூடிய வகை நல்லது. பழையதைக் கழற்றிய உடனே அதன் நடுக் காலுக்கும் ஓரத்துக்கும் இடையேயான ஓமை அளந்து, புதியதையும் அதே அளவுக்குத் திருப்பி வைத்த பிறகே பூட்டுங்கள். இன்னொன்றும் பாருங்கள். பயஸ் றான்சிஸ்ரரின் பேசுக்கும் எமிற்றருக்கும் இடையே பிறிசெற் இருந்தால், அதன் தொடுவிரல் விட்டுப்போனாலும் பயஸ் குறையும், செற் தப்பும். கொலெக்ரருக்கும் பேசுக்கும் இடையே இருந்தால், அதே பழுதில் பயஸ் உச்சத்துக்குப் போய் அவுட்புட் றான்சிஸ்ரர்கள் சில நொடியில் எரியும். அப்படி அமைந்த செற்றில் நடுக் காலை ஓரக் காலோடு ஒரு சொட்டு ஈயத்தால் சேர்த்துவிடுங்கள். விரல் விட்டாலும் தடத்தின் முழு ஓம் அங்கே நிற்கும். பயஸ் கூடும், ஆனால் கட்டில்லாமல் ஓடாது. முதல் தரம் மின் கொடுக்கும்போது மெயினில் 60 வற் பழைய பல்ப் ஒன்றைத் தொடராக வையுங்கள். பல்ப் பிரகாசமாக எரிந்தபடியே நின்றால் உடனே நிறுத்துங்கள்.